களரியும் கலரியும்

யாழ்ப்பாணத்துப் படமாளிகைகளைப் பற்றி அண்மைக் காலத்தில் நம்மவர் எழுதிவருவன பெரும்பாலும் நினைவஞ்சலிகளாகவே அமைந்துள்ளன. வெலிங்டன், வின்சர், றீகல், ராணி, ராஜா, மனோகரா, லிடோ, வித்தியா, ஸ்ரீதர், சாந்தி என்று பெயர்கள் வரிசையாக அடுக்கப்படுகின்றன. எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, எந்த நடிகரின் உருவப்படத்துக்கு எவ்வளவு பெரிய மாலை விழுந்தது என்பன சுவைபடக் கூறப்படுகின்றன. ‘அந்தக் காலம் இனி வருமா’ என்ற பெருமூச்சோடு கட்டுரை முடிகிறது. நினைவுகூர்தல் தவறன்று. ஆயின், ஒரு சமூக நிறுவனம் தோன்றியதையும் வளர்ந்ததையும் அழிந்ததையும் விளக்குவதற்குப் பெருமூச்சு போதாது. படமாளிகை நமது சமுதாயத்தில் எந்த வேலையைச் செய்தது? அது மறைந்தபோது அதனோடு மறைந்தது யாது? இவ்விரு வினாக்களையும் எழுப்பாதவரை நாம் எழுதுவது வரலாறும் ஆகாது, விமர்சனமும் ஆகாது.

இவ்விடயத்தில் முற்போக்கு அணியைச் சார்ந்த நாமும் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. 1950களிலும் 1960களிலும் தமிழகத்து வணிகச் சினிமாவை நம் விமர்சகர்கள் கடுமையாகச் சாடினர். கனவை விற்றுக் காசாக்கும் அக்கலையை எதிர்த்தது செய்யவேண்டிய பணியே; அதில் இன்றும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அவர்களது பார்வை திரையிலேயே தங்கிவிட்டது. திரைக்கு எதிரே இருட்டில் இருந்தவர் யார், எவர் அருகில் எவர் இருந்தார் என்பதைப் பெரும்பாலோர் நோக்கவில்லை. விதிவிலக்காகப் பேராசிரியர் கா. சிவத்தம்பியைக் குறிப்பிட வேண்டும். தமிழ்த் திரைப்படத்தை அரசியற் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் அவர் வெளியிட்ட ஆங்கில நூலில், தமிழர் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை நுகர்ந்த முதல் இடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கு இருக்கையைத் தீர்மானித்தது குலமன்று, கொடுக்கும் பணமே என்றும் எடுத்துக்காட்டினார். அக்கருத்தை யாழ்ப்பாண நிலைமைகளில் வைத்துச் சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சினிமா வருமுன் நம்மிடையே இருந்த அரங்கு யாது? கூத்தாடும் களரி ஊரவரின் பொதுச் சொத்துப் போலத் தோன்றினும், ‘ஊரவர்’ என்ற சொல்லுக்கே சாதி எல்லை இருந்தது. ஒவ்வொரு சமூகமும் தனக்கென அண்ணாவியாரையும், தனக்கெனக் கூத்தையும், தனக்கென ஒரு வெளியையும் கொண்டிருந்தது. மற்றவரின் கூத்தைப் பார்க்கச் சென்றால், நிற்க வேண்டிய தூரம் சொல்லாமலே தெரிந்திருந்தது. மேளக் கச்சேரியும் சின்னமேளமும் கோயில் வீதியில் நிகழ்ந்தன. அவ்வீதியிற் கால் வைக்க முடியாதோர் அயற் குறிச்சியிலேயே வாழ்ந்தனர்.

ஓர் இருக்கைக்காக எவ்வளவு போராட வேண்டியிருந்தது என்பதை ‘சம ஆசனம்’ என்ற சொற்றொடர் நமக்கு நினைவூட்டும். அரச நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒன்றாக வாங்கில் அமரலாம் என்ற ஏற்பாடு 1930ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்தபோது சாதிமான்கள் கொதித்தெழுந்தனர். பாடசாலைகள் சில தீக்கிரையாயின. பிள்ளை வாங்கில் இருப்பதா, நிலத்தில் இருப்பதா என்பதே அங்கு எழுந்த வழக்கு. 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்த பின்னரும் தேநீர்க்கடைகளிலே நிலைமை பெரிதும் மாறவில்லை. 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் சென்ற ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்திலே நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் அதன் விளைவுகள். மூக்குப்பேணியிலே தேநீர் அருந்துவதற்கும் கோயில் வாசலைத் தாண்டுவதற்கும் மனிதர் அடிபட்ட காலம் அது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

அக்காலத்திலேயே, அதே நகரத்தில், படமாளிகையின் சுவரிலிருந்த சிறு துவாரத்துள் கை நீட்டிய எவருக்கும் ரிக்கற் கிடைத்தது. நீளும் கை எந்தக் குறிச்சியினது என்று அங்கு எவரும் கேட்கவில்லை. கைக்குள் சில்லறை உண்டா என்பதே கேள்வி. கலரி என்று வழங்கிய முன்பகுதியில், திரைக்கு அண்மையில், சாய்மானமற்ற வாங்குகள் இருந்தன. அவ்வாங்கில் இடம் பிடிப்பவனுடையதே இடம். சாதியை ஒழிக்க எவரும் அக்கொட்டகைகளைக் கட்டவில்லை, இலாபத்துக்காகவே கட்டினர். ஆயினும், பள்ளிக்கூடத்திலே தீ வைத்துத் தடுக்கப்பட்ட சம ஆசனத்தைச் சந்தைப் பொருளாதாரம் கலரியிலே சத்தமின்றிப் போட்டுவைத்தது. முதலாளித்துவம் நிலமானிய உறவுகளை உடைக்கும் என்று வகுப்பறையிற் சொல்லுகிறோம். நம் ஊரில் அது உடைந்த இடங்களுள் ஒன்று மூட்டைப்பூச்சி நிறைந்த ஒரு வாங்கு.

ஏட்டறிவைக் கொண்டு மட்டும் நான் இதைக் கூறவில்லை. என் தந்தையார் சுருட்டுத் தொழிலாளி. பேரனார் புகையிலைத் தோட்டமொன்றிற் கூலியாக இருந்தவர். 1960களின் பிற்பகுதியில், பதினேழு பதினெட்டு வயதில், தந்தையார் கிழமைக்கொரு முறை கலரிக்குச் செல்வார். ஒருநாள் அவரது தோளோடு தோள் முட்ட இருந்தவன், பாட்டுக்குத் தாளம் போட்டு, நகைச்சுவைக் காட்சியிலே இவரது தொடையிலும் தட்டிச் சிரித்திருக்கிறான். இடைவேளைக்கு விளக்கு எரிந்தபோது பார்த்தால், பேரனார் வேலை செய்த தோட்டக்காரரின் மகன்! வீட்டாருக்குத் தெரியாமல் வந்ததனால் அவனிடம் கலரிக்கு மட்டுமே காசு இருந்திருக்கிறது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. தந்தையார் எழுந்து வாங்கின் அந்தத்துக்குப் போய்விட்டார். மறுநாள் காலை அதே பையனைப் படலைக்கு வெளியே நின்று ‘சின்ன நயினார்’ என்று அழைக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்லும்போதெல்லாம் தந்தையார் ஒன்று கூறுவார்: “இருட்டுக்க ஆற்ர தோள் ஆரில முட்டுது எண்டு ஆருக்குத் தெரியும், தம்பி? லைற் போட்டாப் பிறகுதானே ஆளை ஆள் தெரியும்.”

கலரியின் பெருமையும் சிறுமையும் இச்சொற்களில் அடங்கியுள்ளன. அது தந்த சமத்துவம் இருட்டின் சமத்துவம். இடைவேளை விளக்கைத் தாங்கும் வலிமை அதற்கு இருக்கவில்லை. அன்றியும், பழைய படிநிலையை நீக்கிய இடத்திலே அது புதியதொன்றை நிறுவியது. கலரி, இரண்டாம் வகுப்பு, முதலாம் வகுப்பு, பல்கனி என்று பணத்தின் படிகள் எழுந்தன. நிலம் எவரிடம் இருந்ததோ அவரிடமே பணமும் இருந்தமையால், பல்கனியில் இருந்தோர் பெரும்பாலும் யார் என்று விளக்க வேண்டியதில்லை. பெண்களுக்கோ இந்த அரைச் சமத்துவமும் அரிது. அவர்கள் துணையோடு, பகற்காட்சிக்கு, குடும்பத்தோடு வந்து சென்றனர். கலரி ஆண்களின் இடமாகவே இருந்தது. இவற்றை மறைத்துப் பழைய கொட்டகைகளைச் சமத்துவக் கோயில்களாகச் சித்திரிப்பது நேர்மையன்று. ஆயினும், குறையுடைய பொது இடம் ஒன்றுக்கும் பொது இடமே இல்லாமைக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. அவ்வேறுபாட்டைக் காணத் தவறியதே நமது குறை.

படமாளிகை சாதிகளுக்கு மட்டுமன்றி இனங்களுக்கும் ஓரளவு பொது அறையாக இருந்தது. இந்நாட்டின் முதற் பெரும் திரைப்பட நிறுவனமான சிலோன் தியேட்டர்ஸை 1928இல் நிறுவியவர் தமிழரான சிற்றம்பலம் ஏ. கார்டினர். முதலாவது சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ 1947இல் திரைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம், படம் உருவான இடம் மதுரை. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘சந்தேசய’ என்னும் படத்தை 1960இல் தயாரித்தவர் சினிமாஸ் லிமிட்டெட் அதிபர் கே. குணரத்தினம். சிங்கள ஊர்களிலே தமிழ்ப் படங்கள் நிறைந்த கொட்டகைகளில் ஓடின. இவர்கள் முதலாளிகள், இலாபமே இவர்களது குறி. எனினும், இவர்களது வணிகம் இரு மொழியினரையும் ஒரு கூரையின் கீழ் இருத்தியது. 1983 யூலையில் அக்கூரையே முதலிற் பற்றி எரிந்தவற்றுள் ஒன்றாயிற்று. தமிழருக்குரிய கொட்டகைகள் தீயிடப்பட்டன. கெந்தளையிலிருந்த குணரத்தினத்தின் விஜயா படப்பிடிப்பு நிலையமும் எரிக்கப்பட்டது. அதனோடு சிங்களப் படச்சுருள்களும் சாம்பராயின. சிங்களப் படங்களை இயக்கிய தமிழரான கே. வெங்கட் அக்கலவரத்திலே கொல்லப்பட்டார். குணரத்தினம் 1989இற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வீழ்ச்சியின் காரணங்களை ஆராயுமிடத்துப் போர் ஒன்றையே காட்டி அமைவது எளிது. அது முழு உண்மையன்று. 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டு, படங்களின் இறக்குமதியும் விநியோகமும் அதன் கைக்கு வந்தன. இடதுசாரிகளும் பங்கேற்ற அரசாங்கத்தின் நடவடிக்கை அது. பெரிய கம்பனிகளின் ஏகபோகத்தை உடைத்து, உள்நாட்டுப் படங்களுக்கு வழி திறந்தமை முற்போக்கானதே. ஆனால் அங்கும் நம் கண் படச்சுருளின் மீதே இருந்தது. சுருள் பொதுவுடைமையாயிற்று, கொட்டகை தனியுடைமையாகவே இருந்தது. தமிழகத்திலிருந்து புதிய படங்கள் அருகின. வந்தனவும் காலந் தாழ்த்தியே வந்தன. பழைய படங்கள் திரும்பத் திரும்ப ஓட, கொட்டகைகளின் கூரையும் வாங்கும் பழுதடைந்தன. பொதுமக்களின் அரங்கைக் காப்பது உள்ளூராட்சியின் கடமைகளுள் ஒன்று என்று நம்மில் எவரும் உரத்துக் கேட்கவில்லை. நூலகத்துக்காகக் கேட்டோம், நூலகம் எரிந்தபோது அழுதோம், அது நியாயம். ஆயின் எழுத்தறிவில்லாத ஒருவன் உட்புகக்கூடிய ஒரே மண்டபத்தைப் பற்றி நமக்கு அத்தகைய கவலை இருக்கவில்லை.

அடுத்த அடி 1977க்குப் பின்னைய திறந்த பொருளாதாரத்தோடு வந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கின. வெளிநாடு சென்றோரின் பணத்தோடு வீடியோப் பெட்டிகளும் வந்து சேர்ந்தன. ஊருக்கு ஊர் ‘மினி சினிமா’ முளைத்தது. இது நாடு முழுவதுக்கும் பொதுவான போக்கு. 1970களின் முடிவிலே நாடெங்கும் 350க்கு மேற்பட்ட படமாளிகைகள் இருந்தன. 2010 அளவில் அத்தொகை பாதிக்கும் கீழாகிவிட்டது. போர் நடவாத தென்னிலங்கை ஊர்களிலும் கொட்டகைகள் களஞ்சியங்களாயின. போரின் பங்கு, ஏனைய இடங்களில் மெல்ல நடந்ததை இங்கு விரைவாகவும் கொடூரமாகவும் நடத்தி முடித்தமை. ஊரடங்கு இரண்டாங் காட்சியைக் கொன்றது. 1990 யூனில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்தே மீண்டது. மண்ணெண்ணெயில் இயங்கிய ஜெனறேற்றரின் இரைச்சலுக்கிடையே, ஒரு சிறு பெட்டியின் முன் ஊர் கூடியிருந்து படம் பார்த்தது. எதைக் காட்டலாம், எதைக் காட்டலாகாது என்பதை ஆயுதம் ஏந்தியோர் தீர்மானித்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் நகரமே வெறுமையாயிற்று. திரும்பி வந்தபோது சில கொட்டகைகள் சுவர்களாக நின்றன. ஒன்று அரசியற் கட்சியொன்றின் அலுவலகமாயிற்று. ராஜா, மனோகரா போன்ற சில மீண்டும் படம் காட்டின.

2013இல் யாழ்ப்பாணத்தில் கார்கில்ஸ் சதுக்கம் திறக்கப்பட்டபோது, அங்காடியோடு குளிரூட்டிய பல்திரை அரங்கும் அமைந்தது. கார்கில்ஸின் தாய் நிறுவனமான சி.ரி. ஹோல்டிங்ஸ், முன்பு சிலோன் தியேட்டர்ஸ் என்ற பெயரோடு இருந்த அதே நிறுவனம் என்பது பலர் அறியாதது. 1928இல் படங் காட்டப் புறப்பட்ட மூலதனம், எண்பத்தைந்து ஆண்டுகளின் பின், பலசரக்குக் கடையின் மேல்மாடியில் அரங்கை ஏற்றி நம் ஊருக்குக் கொண்டுவந்தது. அங்கே கலரி இல்லை. எல்லா இருக்கையும் மெத்தென்ற சாய்மான இருக்கை. சமத்துவம் நிறைவேறிவிட்டது என்று சிலர் மகிழ்ந்தனர். கலரியை ஒழித்தமை கலரிக்காரனையும் ஒழித்தமை ஆகும் என்பதை அவர்கள் எண்ணவில்லை. கூலித் தொழிலாளி தன் குடும்பத்தோடு அம்மாடியேறுவது ஆண்டில் எத்தனை நாள்?

இவ்வளவும் கூறிய பின் நம் இரசனையின் குறையையும் ஒப்புக்கொள்ளுதல் நன்று. 1977இல் தர்மசேன பத்திராஜ ‘பொன்மணி’ என்ற தமிழ்ப் படத்தை யாழ்ப்பாண மண்ணிலேயே எடுத்தார். திரைக்கதையை எழுதியவர் காவலூர் இராஜதுரை. சாதியையும் சீதனத்தையும் நேர்நின்று நோக்கிய படம் அது. நாம் நெடுங்காலம் கேட்டுநின்ற யதார்த்தம் நம் திரையிலேயே வந்தபோது வாங்குகள் வெறுமையாகக் கிடந்தன. மக்களது இரசனை கெட்டுவிட்டது என்று விமர்சகர் பேசினர். மக்களை அப்படத்திடம் அழைத்துச் செல்லும் பணியைச் செய்தோர் எத்தனை பேர்? கலரிக்காரனோடு ஒருநாளும் வாங்கில் இராதவர்கள், அவன் வரவில்லையே என்று குறைப்பட்டது விந்தை.

நான் கற்பிக்கும் உயர்தர வகுப்பில் முப்பது மாணவர் உளர். முன்பின் அறியாதவர் அருகிலிருந்து முழுப் படம் ஒன்றைப் பார்த்தோர் யார் என்று சென்ற ஆண்டு கேட்டேன். கை உயர்த்தியவர் நால்வர். ஏனையோர் கைத்தொலைபேசியில், காதிற் செருகிய கருவியோடு, தனித்துப் பார்க்கின்றனர். உலகத்தின் நல்ல படங்கள் யாவும் அவர்களது உள்ளங்கைக்கு எட்டுகின்றன என்பது உண்மை. எங்கள் தலைமுறையினும் அவர்கள் அதிகம் பார்த்திருக்கிறார்கள். ஆனால் எவர் பக்கத்தில் இருந்து பார்ப்பது என்ற வினாவே அவர்களுக்கு எழுவதில்லை. கிடுகுவேலி மதிலாயிற்று. மதிலுக்குள் வீடு, வீட்டுக்குள் அறை, அறைக்குள் ஒரு சிறு திரை.

இதை மாற்றலாம் என்று நம்பி, நண்பர் சிலரோடு எங்கள் சனசமூக நிலைய முன்றலில் ஈழத்துப் படமொன்றைக் காட்டினேன். வெள்ளைத் துணி கட்டி, பாடசாலை ஆசிரியர்கள் சேர்ந்து வாங்கிய படமெறி கருவியை வைத்தோம். கட்டணம் இல்லை. அன்று கண்டதை மறக்க முடியாது. பெரிய வீதிக்காரர் வீட்டிலிருந்து கதிரை கொண்டுவந்து முன்னே இருந்தனர். எங்கள் ஒழுங்கைக்காரர் வேலிக்கு அப்பால், மதகிலும் வீதியிலும் நின்றனர். எவரும் எவரையும் தடுக்கவில்லை. எவரும் எதுவும் சொல்லவும் இல்லை. பழைய களரி தானாகவே வந்து விரிந்துவிட்டது! படத்தைக் காட்டிய ஆசிரியனின் தகப்பனாரும் மதகிலேயே இருந்தார். “உள்ளுக்கு வாங்கோ, ஐயா” என்று போய் அழைத்தேன். “இஞ்ச இருந்தாலும் வடிவாத் தெரியுது, தம்பி” என்றார்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. துணியும் கருவியும் நல்ல படமும் சேர்ந்தால் அரங்கு ஆகிவிடாது. ஊரின் நடுவே, ஊரவர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்த முன்றலில், பழைய உறவுகள் கதிரையோடு வந்து சேரும். நகரத்துக் கொட்டகையில் ஒருவன் தன் குறிச்சியை வாசலில் விட்டு உள்ளே போனான். அங்கு அவனை அறிந்தவர் இல்லை. ரிக்கற் வாங்கியவன் எவருடைய தயவிலும் உள்ளே வரவில்லை. நாம் இழந்தது அந்த அறியாமையும் அந்த உரிமையுமே. படங்களை இழக்கவில்லை.

அடுத்த முறை கதிரை கொண்டுவரலாகாது என்று அறிவித்தோம். முன்றல் முழுவதும் பாய் விரித்தோம். ஐந்து ரூபா ரிக்கற் அடித்து எல்லோருக்கும் விற்றோம். விளக்கை அணைத்த பின்னரே வாயிலைத் திறந்தோம். பெரிய வீதிக்காரரில் அரைவாசிப் பேர் வரவில்லை. வந்தோர் பாயில் இருந்தனர். தந்தையார் ரிக்கற்றைக் கையிற் பிடித்தபடி இருட்டில் உள்ளே வந்தார். எவர் அருகில் இருந்தார் என்பது எனக்குத் தெரியாது. இடைவேளை விடவில்லை.

இதை வெற்றி என்று நான் சொல்லமாட்டேன். இருட்டை நம்பிப் பெற்ற சமத்துவம் அரைச் சமத்துவமே என்று மேலே எழுதியவன் நான். ஆயினும் தொடக்கம் ஒன்று வேண்டும். ஆசிரியரும் மாணவரும் தத்தம் ஊர்களில் இதைச் செய்துபார்த்தல் வேண்டும். கண்டதை மறையாது எழுதுதல் வேண்டும். மூடிய கொட்டகைகளுக்காகப் பெருமூச்சு விடுவதை இனி நிறுத்துவோம். அங்கே தொடங்கி அரைவழியில் நின்றுபோன வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த காட்சியில் இடைவேளை விடுவதாகத் தீர்மானித்திருக்கிறோம். விளக்கு எரியும்போது எவர் எழுந்து போகிறார், எவர் அதே பாயில் இருக்கிறார் என்பதைப் பார்க்க வேண்டும்.